மூன்று மணி நேரம் மூத்தவள்

என் அக்கா என்னைவிட மூன்று மணி நேரம் மூத்தவள். அவளுக்கும் பெயர் பகவதிதான். என்னிடம் இருக்கிற எல்லாமே அவளிடமும் உண்டு, உடம்பு ஒன்றைத் தவிர. என் இடது மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் காப்பு, அதில் உளுந்து அளவில் ஒரு கண், என் காதுக்குள் ஒரு சின்னப் பொட்டு. இவ்வளவுதான் அவள் குடியிருந்த வீடு.

எனக்கு வயது பதினைந்து. ஒன்பது வயதில் சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை வேறு, இது வேறு. என் உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது. நான் தின்கிற ஒவ்வொரு கவளத்துக்கும் ஏற்ற அளவு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். குறைவாகப் போட்டால் சர்க்கரை ஏறிக் கண் மங்கும். கூடுதலாகப் போட்டால் இறங்கி, வியர்த்து, நடுங்கி, விழுந்துவிடுவேன். ஊசி சரியாகப் போட்டால் பாயசமும் குடிக்கலாம். இதை விளக்கிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. "சின்னப் பிள்ளைக்கா? மிட்டாய் நெறைய தின்னியோ?" என்று கேட்காத ஆள் நாகர்கோவிலில் பாக்கி இல்லை.

ஆகவே சனிக்கிழமை தோறும் நான் இன்னொரு பள்ளிக்கூடம் போனேன். அதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. நாங்கள் சர்க்கரைப் பள்ளி என்போம். பதினொரு பிள்ளைகள். ஏழு வயது தர்ஷனாதான் குட்டி. பதினாறு வயது ஜெபின்தான் மூப்பன், சேட்டையிலும். நடத்துவது ரெஜினா சிஸ்டர். முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றவர், அதனால் பள்ளியிலும் உட்காரமாட்டார்.

காப்பு வந்த அன்று அவர்தான் விளக்கினார்.

"நீங்க தின்னது, போட்ட ஊசி, ஓடுனது, தூங்குனது எல்லாத்தையும் இது பாத்துக்கிட்டே இருக்கும். மூணு மணி நேரங்கழிச்சு நீங்க எப்பிடி இருப்பியளோ, அப்பிடி இது இப்பவே இருக்கும். இருந்து, உங்ககிட்ட பேசும்."

"ஜோசியமா சிஸ்டர்?" என்றான் ஜெபின். 

"கணக்குலே. ஜோசியம்னா நல்லதாச் சொல்லும்."

காப்பை மாட்டியதும் என் காதில் என் குரலே பேசியது. ஆனால் வானொலிச் செய்தி வாசிக்கிற தமிழ். "வணக்கம். நான் உன்னைவிட மூன்று மணி நேரம் மூத்தவள்." எங்கள் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது நான்கு நிமிடம் முந்திய பெண்ணை மற்றவள் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பெரிய பஞ்சாயத்தே நடந்தது. நான்கு நிமிடத்துக்கே அக்கா என்றால் மூன்று மணி நேரத்துக்கு என்ன சொல்வது? அப்படித்தான் அவள் எனக்கு அக்கா ஆனாள். 

முதல் நாளே சண்டை. பள்ளிக் கேன்டீனில் ஊசி போடாமல் இரண்டு பரோட்டா தின்றேன். நான் சால்னாவை வழித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முனக ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு இப்போது முந்நூற்று முப்பது. நாக்கு வறண்டு கிடக்கிறது. தலை கனக்கிறது. நீ தின்றாய், நான் அனுபவிக்கிறேன்."

"அய்யோ, நான் இப்ப என்ன செய்யணும்?"

"ஆறு யூனிட் போடு. போட்டால் இந்த நான் மறைந்துவிடுவேன். நலமாக இருக்கும் வேறொருத்தி உன்னோடு பேசுவாள். நான் மறைகிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'போறேன்' என்று சொன்னாலே எங்கள் அம்மா வாயிலடித்துத் திருத்துவாள். மறைகிறேனாமே! "அப்பிடிச் சொல்லாதக்கா. போயிட்டு வாரேன்னு சொல்லு," என்றேன். சொன்னாள். அன்று முதல் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை அவள் போய்விட்டு வந்துகொண்டிருந்தாள். ஒரே வாரத்தில் செய்தித் தமிழ் உதிர்ந்து, அச்சு அசலாக எங்கள் ஊர்ப் பேச்சு பேசத் தொடங்கினாள். கோ-கோ பயிற்சிக்கு முன்னால் "ஒரு வாழப்பழம் தின்னுட்டு ஓடுட்டி, இல்லன்னா நான் மைதானத்துல குப்புற விழுவேன்" என்பாள். கணக்குப் பரீட்சையில் "பயத்துல ஏறுது, மூச்ச இழுத்து விடு" என்பாள். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. 

ஜெபினுக்கு அவன் காப்பிலிருந்த அண்ணனைப் பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காப்பிடம், "நான் பதினொரு லட்டு தின்னேன்" என்று பொய் சொல்லி, அண்ணன் புலம்புவதை ஒலிபெருக்கியில் போட்டுக்காட்டினான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். சிஸ்டர் வந்தார். சிரிப்பு நின்றது.

"சிஸ்டர், அதுக்கு நெசமாவே வலிக்குமா?" என்று தர்ஷனா கேட்டாள்.

"செஞ்சவங்ககிட்ட கேட்டேன் மக்களே. வலிக்காதுன்னு சொன்னாவ. ஆனா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுதான் சொன்னாவ."

அதற்கப்புறம் விதி இறுகியது. வாயால் சொல்வதைக் காப்பு நம்பாது. தன் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். காரணம் ஜெபின் மட்டும் இல்லை. சர்க்கரை உள்ள பிள்ளைகள் எல்லாரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஒளித்துத் தின்றிருப்போம். வாயில் தூள் ஒட்டியிருக்க "நான் தின்னல" என்று சத்தியம் செய்திருப்போம். நாங்கள் உண்மையைச் சொல்லும்போதும் அந்த இரண்டு வார்த்தையை உலகத்தில் யாரும் நம்புவதில்லை. எனக்கு ஊசியைவிட அதுதான் வலிக்கும்.

சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார். "உங்க பதினோரு பேருக்க அண்ணன், அக்கா எல்லாரும் ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தர் படிப்பாவ. நீ இன்னைக்குச் சொல்லுத பொய்ய நாளைக்கு தர்ஷனாவுக்க காப்பு நம்பும். அதுக்கு ஏத்த ஊசிய அந்தப் பிள்ளைக்குச் சொல்லும். வெளங்குதாலே?" ஜெபினுக்கு விளங்கியது. முகம் சுண்டிப்போய் மூலையில் உட்கார்ந்துவிட்டான். 

காப்பு சொன்னபடி தொண்ணூறு நாள் தொடர்ந்து கேட்டால் ஒரு சீட்டு கிடைக்கும். 'இந்தப் பிள்ளை தனியாகப் பயணம் போகலாம்' என்று அச்சடித்திருக்கும். காப்பில் இரண்டு பொத்தான், 'சரி', 'மாட்டேன்'. ஒரே ஒரு தடவை 'மாட்டேன்' அமுக்கினாலும் எண்ணிக்கை முதல் நாளுக்குப் போய்விடும். அக்காவும் புதிதாகத் தொடங்குவாள், எதுவுமே நினைவில்லாமல். 

எனக்கு அந்தச் சீட்டு வேண்டும். உயிரே அதில்தான் இருந்தது. எங்கள் பள்ளி கோ-கோ அணி மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. தஞ்சாவூர், நான்கு நாள். நான்தான் கடைசி ஓட்டக்காரி. என்னைத் தொட முடியாமல் திருநெல்வேலிப் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "சீட்டு வந்தா போ." 

என் அப்பா தாணுமாலயன் மின்வாரியத்தில் மீட்டர் சோதனை செய்கிறவர். மீட்டரில் கை வைத்துத் திருட்டுக் கரண்ட் எடுப்பவர்கள் அவர் பைக் சத்தம் கேட்டாலே வேர்த்து நனைவார்கள். "மனுசன் பொய் சொல்லுவான், மீட்டர் பொய் சொல்லாது" என்று நாளைக்கு நான்கு தரம் சொல்லுவார். நான் தூங்கும்போது நடுவில் எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை ஆறு வருடமாக ஒருநாளும் அவர் விட்டதில்லை. காப்பு வந்த பிறகுதான் மனுஷன் முழுசாகத் தூங்கினார். ஆகவே அவருக்கும் அக்காவைப் பிடிக்கும். 

எண்பத்தெட்டாவது நாள் சித்தி கல்யாணம்.

நாகர்கோவில் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பருப்பு, நெய், சாம்பார், புளிசேரி, ரசம் என்று போய், முடிந்தது என்று நீங்கள் நினைக்கும்போதுதான் அது ஆரம்பிக்கும். போளியை இலையில் போட்டு, அதன் தலையில் பால் பாயசத்தை ஊற்றுவார்கள். பிறகு அடைப்பிரதமன், பக்கத்தில் பழம், பப்படம். எல்லாவற்றையும் கையால் பிசைந்து உறிஞ்ச வேண்டும். சர்க்கரைக்காரிக்கு அது சாப்பாடு இல்லை, போர்க்களம்.

நான் திட்டம் போட்டுத்தான் போனேன். சோறு இவ்வளவு, அரைப் போளி, ஒரு கரண்டி பாயசம். அதற்கு ஆறு யூனிட். "பேஷ்" என்றாள் அக்கா. ஊசியைப் போட்டுவிட்டுப் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாவின் அண்ணன். அவருக்கும் சர்க்கரை, பெரியவர்களுக்கு வருகிற வகை. பெரியம்மா பந்திக்கு முன்னாலேயே அவர் விரலைக் குத்திப் பார்த்து, "நூத்தி நாப்பத்திரண்டு! இனிப்புப் பக்கம் கண்ணு போச்சுன்னா தெரியும் சேதி" என்று ஊருக்கே அறிவித்துவிட்டு, அம்மாவோடு போட்டோவுக்கு மேடையேறினாள். பெரியப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மாப்பிள்ளை வீட்டார் விளம்ப வந்தார்கள். அவர்கள் போடும்போது வேண்டாம் என்றால் அது அவமரியாதை. நான் இடது கையை இலைக்கு மேல் குடை பிடித்து, "போதும் மாமா, போதும்" என்றேன். எங்கள் ஊரில் அதற்கு 'இன்னும் கொஞ்சம் போடுங்க' என்று அர்த்தம். கைச் சந்தில் இரண்டாவது போளி விழுந்தது. மூன்று கரண்டி பாயசம் கொட்டியது. ஒரு பழம் உருண்டது.

"பிள்ளே," என்று பெரியப்பா மெல்லக் கனைத்தார். "வீணாக்கப்படாதுல்லா?"

என் அரைப் போளி போக மீதி ஒன்றரைப் போளியும் பழமும் என் வலது கையால் அவர் இலைக்கு நகர்ந்தன. என் காப்பின் கண் அப்போது மாமாவின் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாயசத்தில் ஒரு கரண்டி அளவு நான் குடித்தேன். மிச்சத்தைச் சோற்றால் அணை கட்டித் தேக்கி, இலையை மடக்கிவிட்டு எழுந்தேன். இலை மடக்கினால் சாப்பிட்டாயிற்று என்றுதானே பொருள். அரை நிமிடத்தில் இலையை எடுத்தும் போய்விட்டார்கள்.

கை கழுவிக்கொண்டு நிற்கும்போது அக்கா அலறினாள். 

"பகீ! எனக்கு முந்நூத்தித் தொண்ணூறு! கண்ணு மங்குது, வயித்தப் பிரட்டுது! ஒம்பது யூனிட் போடுட்டி!"

"அக்கா, அது நான் தின்னல. பெரியப்பா தின்னாவ."

"எலையில இருந்துது. எலை மூடிட்டுது. நான் பாத்தேனே. போடு, என்னக் காப்பாத்து."

"சத்தியமா தின்னலக்கா!"

"எல்லாப் பிள்ளைகளும் அப்பிடித்தான் சொல்லும்," என்றாள் என் அக்கா, என் குரலிலேயே. 

எண்பத்தெட்டு நாளில் அவள் என்னிடம் கெஞ்சியதே இல்லை. கெஞ்சியபோது இப்படியா! எனக்கு அழுகை முட்டியது. காப்பில் சிவப்பு எண் ஓடத் தொடங்கியது. பதினைந்து நிமிடம். அதற்குள் 'சரி', 'மாட்டேன்' இரண்டில் ஒன்றை அமுக்கியாக வேண்டும்.

அப்பாவின் போனில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. என் காப்பு அலறினால் அடிப்பதற்கென்று அவர் தேடி வைத்துக்கொண்ட எச்சரிக்கை மணி அது. மண்டபத்தில் பாதிப் பேர் வாசலுக்கு ஓடி ஆம்புலன்சைத் தேடினார்கள். அப்பா எதிர்த்திசையில், என்னை நோக்கி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மக்களே! எத்தன போளி தின்ன? ஊசிப் பேனா எங்க?"

"அப்பா, நில்லுங்க. நான் தின்னது அரைப் போளி. அதுக்கு ஊசி அப்பவே போட்டாச்சு. இப்ப எனக்கு நூத்தி நாப்பத்தெட்டு. இந்த ஒம்பதையும் போட்டா ஒரு மணி நேரத்துல நான் விழுந்துருவேன்."

"மீட்டர் முந்நூத்தித் தொண்ணூறுங்குது!"

"அது மூணு மணி நேரங்கழிச்சு. தின்னாத்தான் அது. நான் தின்னல."

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் எல்லார் முகத்திலும் விழுகிற அதே திரை அவர் முகத்திலும் விழுந்தது. என் அப்பாவுக்குமா! 

"பெரியப்பாட்ட கேளுங்க!" என்று கத்தினேன்.

பெரியப்பாவைத் தேடிப் பிடித்தோம். பல் குத்திக்கொண்டு நிம்மதியாக நின்றார். அவர் பக்கத்தில் மேடையிலிருந்து இறங்கி வந்த பெரியம்மா.

"அண்ணே, பகவதிக்க எலையில இருந்து போளி எடுத்தியளா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் மன்னிப்பு இருந்தது. வாயில் இல்லை.

"போளியா? நானா? ரெண்டு வாய் ரசஞ்சோறு தின்னேன், அவ்வளவுதான்."

ஒன்பது நிமிடம் இருந்தது. அப்பா பேனா ஊசியில் ஒன்பதைத் திருகிவிட்டார். டிக், டிக் என்று அது ஏறுகிற சத்தம் எனக்குப் பேண்டு வாத்தியத்தையும் மீறிக் கேட்டது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

"மீட்டர் பொய் சொல்லாதுல்லாப்பா? அப்ப பெரியப்பாவுக்க மீட்டரப் பாப்பம்."

பையிலிருந்த கருவியை எடுத்தேன். பெரியப்பா பின்வாங்கினார். பெரியம்மா பின்னால் நின்று தடுத்தாள். அவர் விரலைப் பிடித்துக் குத்தி ஒரு சொட்டு வைத்தேன். எண் வந்தது: ஐந்நூற்று அறுபத்தொன்று.

"எம்மா!" என்று பெரியம்மா நாற்காலியில் சரிந்தாள். மாப்பிள்ளை வீட்டு மாமா தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார். அப்பா பெரியப்பாவைத் தாங்கப் போனார். "ஒண்ணும் ஆவல!" என்று நான் நாற்காலி மேல் ஏறிக் கத்த வேண்டியிருந்தது. "இது பெரியப்பாவுக்க ரத்தத்துல உள்ளது இல்ல, வெரல்ல உள்ளது! பாயசம் ஒட்டியிருக்கு! பெரியப்பா, சோப்பு போட்டுக் கழுவித் தொடச்சிட்டு வாங்க, இன்னொரு வெரலு பாப்பம்."

"பாயசம் எப்பிடி வந்துது வெரலுக்கு?" என்றாள் பெரியம்மா, சரிந்த இடத்திலிருந்தே.

கழுவிவிட்டு வந்த விரலில் முந்நூற்று எழுபத்திரண்டு.

"ரெண்டு வாய் ரசஞ்சோத்துக்கு," என்றாள் பெரியம்மா. அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பெரியப்பா நடுங்கிய நடுக்கத்தை நான் எந்தத் தாழ்சர்க்கரையிலும் நடுங்கியதில்லை. "ஒண்ணர போளி," என்று மெதுவாக ஒப்புக்கொண்டார். "எனக்க ரெண்டும் சேத்து மூணர. பழம். பாயசம் மூணு... நாலு கரண்டி. பிள்ளைய வையாத தாணு, அவ சொல்லுகது சத்தியம்."

அப்பா பேனாவையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருடைய பாஷையில் அவருக்கே விளங்கியது. "அப்போ பக்கத்து வீட்டு லோடு, என் பிள்ளைக்க மீட்டர்ல ஏறியிருக்கு," என்றார். பேனாவில் ஏற்றிய ஒன்பதைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினார். "நான் இதப் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. என் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். சட்டையில் சாம்பார் மணத்தது.

நான்கு நிமிடம் பாக்கி.

"மாட்டேன் அமுக்கணும்பா," என்றேன். "அமுக்கினா சீட்டு போச்சு."

அப்பா அக்கம்பக்கம் பார்த்தார். என்னைக் கை கழுவுகிற தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். "மக்களே, ஒம்பது யூனிட்டையும் இந்தத் தொட்டியில அடிச்சிரு. பேனா ஒம்பது போட்டாச்சுன்னு காப்புக்குச் சொல்லும். நீ 'சரி' அமுக்கு. யாருக்குத் தெரியும்? உனக்குத் தஞ்சாவூர் போவாண்டாமா?"

எனக்கு அந்த வழி தெரியாமல் இல்லை. ஜெபின் எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தான். என் விரலும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அப்பா வாயால் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு வருகிற சிரிப்பு, நிறுத்தவே முடியவில்லை.

"அப்பா! மீட்டர்ல கை வைக்கச் சொல்லுகியளா?"

இருபத்திரண்டு வருடம் திருட்டுக் கரண்ட் பிடித்த மனிதர் தொட்டியோரம் பேனாவோடு மாட்டிக்கொண்டு நின்றார். காது சிவந்தது. அவரும் சிரித்தார். 

"இத நான் சரின்னு அமுக்கினா, போளி போட்டு மூடுன எலைக்கு ஒம்பது யூனிட்னு அக்கா படிச்சிருவா. நாளைக்கு தர்ஷனா ஒரு கல்யாணத்துக்குப் போவா. ஏழு வயசுப்பா அவளுக்கு. பக்கத்துல இருக்கவங்களுக்குத் தள்ளிவிட்டுட்டு எலைய மூடுவா. 'நான் தின்னல'ன்னு சொல்லுவா. யாரு நம்புவா?"

அப்பா பேனாவுக்கு மூடியைப் போட்டு என் பையில் வைத்தார்.

"அக்கா," என்றேன். "நான் தின்னல. ஏன்னு முழுசாச் சொல்லுகேன், பதிஞ்சு வச்சுக்க." கைக்குடை, மீசை, பெரியப்பா, மூடின இலை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ மாட்டேன்னு அமுக்கினா எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதுட்டி," என்றாள்.

"தெரியும்."

"அந்தப் பரோட்டா கூடவா?"

"ஆமாக்கா."

பிறகு, "போயிட்டு வாரேன்," என்றாள். 

அமுக்கினேன். மூன்று மணி நேரம் கழித்து எனக்கு நூற்று முப்பத்தாறு. அதைச் சொல்ல அவள் இல்லை. நானேதான் பார்த்துக்கொண்டேன். 

சனிக்கிழமை வகுப்பில் புது ஆள் ஒருவர் ஜெபினுக்குப் பக்கத்தில் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். பெரியப்பா. பெரியம்மா கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலிலேயே காவல் இருந்தாள். ஜெபின் அவருக்கு ஊசிமுனை மாற்றுவது எப்படி என்று படு தீவிரமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

ரெஜினா சிஸ்டர் என் பதிவை இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை சிரித்தார். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை.

"இதச் செஞ்சவங்க கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதே இல்லியோ என்னவோ. இப்ப எல்லாக் காப்புக்கும் இதச் சொல்லிக் குடுத்தாச்சு மக்களே. ஆனா சீட்டு... விதி நான் போட்டதில்ல. எழுதிப் போட்டிருக்கேன். பதில் வர மூணு வாரம் ஆவும்."

திங்கள்கிழமை ரயில். நான் தரையைப் பார்த்தேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அழுகை என்ன, பல்லுக்கா பயப்படும்?

பின்னால் நின்ற அப்பா சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். மீட்டரைச் சோதித்து முடித்ததும் அதில் கட்டுவாரே, முறுக்குக் கம்பி, ஈய முத்திரை, ஒரு சின்ன அட்டை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, என் ஊசிப் பையின் ஜிப் வளையத்தில் அதைக் கோத்து முறுக்கினார். குறடு கூடக் கொண்டுவந்திருந்தார் மனுஷன். அட்டையில் அவர் கையெழுத்து: 'பகவதி. சோதிக்கப்பட்டது. சரியாக ஓடுகிறது.' கீழே தேதி, கையொப்பம்.

"இந்த சீட்டு போதுமா சிஸ்டர்?" என்றார்.

"அது உங்க அதிகாரம்லா," என்றார் சிஸ்டர். முதல் தடவையாக அவர் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். நான் துள்ளிக் குதித்ததில் பெரியப்பாவின் காப்பிக் கோப்பை கவிழ்ந்தது. அதில் இரண்டு கரண்டி சர்க்கரை இருந்ததை வாசலிலிருந்தே பெரியம்மா பார்த்துவிட்டாள் என்பது வேறு கதை.

ரயிலில் பன்னிரண்டு பெண் பிள்ளைகள், ஒரு விளையாட்டு மிஸ், நூறு பேருக்கான கூச்சல். சாத்தூர் தாண்டியதும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். வாழை இலையில் புளியோதரை, ஓரத்தில் யாருடைய அம்மாவோ வைத்த கேசரி. கல்யாணத்தன்று நின்ற காப்பை நான் மறுபடி முடுக்கினேன். முதல் நாள்.

"வணக்கம்," என்றது செய்தி வாசிக்கிற குரல். "நான் உன்னைவிட மூன்று மணி நேரம் மூத்தவள். ஒரு சந்தேகம். இலையில் இருப்பதை எல்லாம் நீ உண்பாயா, அல்லது யாருக்காவது தள்ளிவிடுவாயா?"

பக்கத்துப் பிள்ளைகள் ஏன் இப்படிச் சிரிக்கிறேன் என்று பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரியைப் பாதியாகப் பிட்டேன்.

"முதல்ல இந்தத் தமிழ விடுட்டி," என்றேன். "பக்கத்துல உக்காரு. ஒவ்வொண்ணாச் சொல்லித் தாரேன். ஆனா ஒண்ணு, என்ன அக்கான்னு கூப்பிடணும்."

"ஏன்? நான் அல்லவா மூத்தவள்?"

"மூணு மணி நேரம்தான் நீ மூப்பு. நான் எண்பத்தெட்டு நாள்."